வால்நட் போட்ட பெஸ்டோ

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டே எழுதுகிறேன். இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால்கூட இந்த வாரம் படியிறங்க விடுகிறது. மனசு சுகமா என்று கேட்பாய், அதற்குத்தான் இந்தக் கடிதம். தான் கட்டிக்கொள்ள இருப்பவளை அம்மா கொல்லப் பார்த்தாள் என்று உன் தம்பி சின்னவன் உனக்குப் போனில் சொன்னானாமே. நீ பதறிப்போய் என்னைக் கூப்பிட்டபோது எனக்கு அழுகைதான் வந்தது, போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அவரோ எல்லாம் சரியாயிடுச்சும்மா என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்த மனுஷர், மறுபடி ஓடினால் சரியாகிவிட்டது என்றுதான் அவருக்கு அர்த்தம். நடந்ததை நான் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

சின்னவன் கட்டிக்கொள்ள நினைக்கிற பெண் பஸ் ஓட்டுகிறவள், ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகிப் பிரிந்தவள் என்பது உனக்குத் தெரியும். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை என்பதும் தெரியும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவளா நான், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிதான் சொல்லியிருந்தேன், அவள் காதுக்கும் அது போயிருக்கிறது. அப்படியிருந்தும் போன ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறேன் என்று சொல்லியனுப்பினாள். அவளுக்கு மைதா வேண்டாம், கோதுமையில ஏதாவது செய்ங்க என்றான் இவன். வேறு எது ஆகாது, எது பிடிக்காது என்று நான் கேட்டேன், நன்றாக நினைவிருக்கிறது, துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டேன். போனிலிருந்து தலையைத் தூக்காமல், எல்லாம் சாப்பிடுவாம்மா என்றான். சரி, போன தடவை நீ வந்தபோது கற்றுக்கொடுத்த பாஸ்தாவையே செய்வோம் என்று முழுக்கோதுமை மாவில் முட்டை உடைத்துப் பிசைந்தேன். அந்த மாவுக்குத்தான் எவ்வளவு தாகம், தண்ணீர் தெளிக்கத் தெளிக்கக் குடிக்கிறது. கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மெல்லிசாகத் தேய்த்து, நாடா நாடாக வெட்டி நாற்காலி முதுகுகளில் தொங்கவிட்டேன், அப்பா வந்து பார்த்துவிட்டு இது யாருடைய துணி என்று கேட்டார். பால்கனித் தொட்டியிலிருந்து துளசி மாதிரி இருக்கிற பேசில் இலை பறித்து, பூண்டும் சீஸும் சேர்த்து, வால்நட்டை வாணலியில் வாசனை வரும்வரை வறுத்துப் போட்டு, இலை சூடாகிக் கறுத்துவிடக் கூடாதென்று மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டி, ஆலிவ் எண்ணெயை நூல் மாதிரி ஊற்றி, பெஸ்டோ என்கிற அந்தப் பச்சை விழுதை அரைத்தேன். பெண்ணைப் பிடிக்காவிட்டாலும் சமையலில் நான் வஞ்சனை செய்யமாட்டேன், அது உனக்கே தெரியும்.

அவள் டியூட்டி முடித்து நேராக நீலச் சட்டையோடே வந்தாள். மேஜையில் முள்கரண்டிச் சத்தம்தான் கேட்டது. நாலைந்து வாய் சாப்பிட்டிருப்பாள், ரொம்ப நல்லா இருக்கு ஆன்ட்டி, இதுல என்னென்ன போட்டிருக்கீங்க என்றாள். எனக்கோ பெருமை, பேசில், பூண்டு, வால்நட் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். வால்நட்டா என்று முள்கரண்டியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை, சின்னவனைப் பார்த்தாள். நாங்கள் என்ன ஏது என்று கேட்பதற்குள் உதடு தடித்துவிட்டது, கழுத்தெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவப்பு, மூச்சு விசில் மாதிரி வந்தது. பை, பை என்று வாசல் பக்கம் கையைக் காட்டினாள். உன் தம்பி தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்தபடி மரம் மாதிரி நின்றுவிட்டான். நான்தான் ஓடிப்போய் அவள் பையைத் தரையில் கவிழ்த்தேன், சாவி, சீப்பு, டிக்கெட் எல்லாம் சிதறியதில் ஒவ்வாமை வந்தால் போட்டுக்கொள்கிற, பேனா மாதிரி ஒரு ஊசி கிடந்தது. அவளால் அதைப் பிடிக்க முடியவில்லை. என் கையைப் பிடித்துத் தன் தொடையில் வைத்து, துணி மேலயே அழுத்துங்க என்றாள், குரல் குரலாகவே இல்லை. அழுத்தினேன். இஸ்திரிப் பெட்டி பிடித்துக் காய்த்துப்போன இந்தக் கையை, அவள் போதும் என்று தலையாட்டும்வரை எடுக்கவில்லை. அப்பா ஆம்புலன்சுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். அது வரும்வரை அவள் முதுகு என் மார்பில் சாய்ந்திருந்தது, அவள் ஒவ்வொரு மூச்சு இழுக்கும்போதும் நானும் சேர்ந்து இழுத்தேன்.

ஆஸ்பத்திரி வராண்டாவுக்கு அவளுடைய அம்மா ஓடிவந்தாள். எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்த்து, என் பொண்ணை உங்களுக்குப் பிடிக்கலன்னு தெரியும், அதுக்காக இப்படியா செய்வீங்க என்று கேட்டாள். நான் சின்னவனைப் பார்த்தேன், அவன் தரையைப் பார்த்தான். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், உன் அப்பா என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அதைத்தான் தாங்க முடியவில்லை. உடனே என் கையைப் பிடித்துக்கொண்டார், ஆனாலும் பார்த்தது பார்த்ததுதான். அன்று காலையில்கூட இவள் வராமலிருந்தால் தேவலை என்று நினைத்தவள்தானே நான், அந்த அம்மாவுக்கு எந்த முகத்தோடு பதில் சொல்வது.

கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் வந்து, அவங்க உங்க எல்லாரையும் உள்ள வரச் சொல்றாங்க என்றாள். உள்ளே அவள் முகம் வீங்கிப் படுத்திருந்தாள். ஆன்ட்டிக்குத் தெரியாதும்மா, கொட்டை எனக்கு ஆகாதுன்னு நான் இவன்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன், வீட்ல சொல்லிட்டேன்னு சொன்னான் என்று தன் அம்மாவிடம் சொன்னாள். சின்னவன் வெளியே போனான், போனவன் உனக்குத்தான் போன் செய்திருக்கிறான். அன்றிலிருந்து சிநேகிதன் அறையில் தங்கியிருக்கிறான், என்னோடு பேசுவதில்லை. அது கோபம் இல்லையடி, அவமானம். கோபம் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு திரிகிறது.

நேற்று அவள் தனியாக வந்தாள். நான் கதவைத் திறந்து வழிவிட்டேன். மறுபடியும் அதையே செய்யலாமா ஆன்ட்டி, கொட்டை இல்லாம என்றாள், கையில் சூரியகாந்தி விதைப் பொட்டலம், அது அவளுக்கு ஒத்துக்கொள்ளுமாம். வேண்டவே வேண்டாம் என்றேன். நான் பக்கத்துலயே நிக்கிறேன் என்று சட்டைக் கையை மடித்துவிட்டாள். வால்நட் அரைத்த பழைய மிக்ஸி ஜாரை நான் அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டேன், அம்மியும் உரலுமா இருக்கிறது, இருவருமாகக் கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கியே செய்தோம். மாவைப் பிசைந்தது அவள்தான், ஸ்டியரிங் பிடிக்கிற கை, என்னைவிட நன்றாகப் பிசைகிறாள். புது ஊசியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. என் வாயையே பாக்காதீங்க ஆன்ட்டி, மெல்ல முடியல என்று சிரித்துவிட்டாள், அப்புறம்தான் நானும் சாப்பிட்டேன்.

கை கழுவிவிட்டு, கல்யாணத்தைப் பத்தி நான் இன்னும் முடிவு பண்ணல ஆன்ட்டி, ஊசி போடாம நின்னதுக்காக இல்ல, எங்கம்மா உங்களைக் கேட்டது உள்ள எனக்கும் கேட்டுச்சு, அப்ப வாயைத் திறக்காம நின்னானே, அதுக்காக என்றாள். உங்க மேல எனக்கு எதுவும் இல்லன்னு சொல்லத்தான் வந்தேன் என்றும் சொன்னாள். ஆன்ட்டி வேண்டாம், அத்தை என்று கூப்பிடு என்று நாக்கு நுனிவரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அதைச் சொல்ல இப்போது எனக்கு உரிமை இல்லை.

நீ உன் தம்பியைத் திட்டாதே. என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்று சொல், முதலில் அவள் அம்மா வீட்டுக்குப் போய், தப்பு என்னோடது என்று வாயைத் திறந்து சொல்லச் சொல். நான் சொன்னால் கேட்கமாட்டான், அக்கா சொன்னால் கேட்பான். சீக்கிரம் சொல், அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள். குட்டிக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதைப் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் நீயே நேரில் போய்ச் சொல், யாரிடமும் சொல்லியனுப்பாதே. வேளைக்குச் சாப்பிடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று இந்த வீட்டில் இப்போது அதிகம் பயப்படுகிறவள் நான்தான்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும்
அம்மா