இருபத்திரண்டு படி

உறையூர்,
4.2.1979

என்னோடு பேசாத தோழிக்கு,

மாதா கோயில் திருவிழாப் பூசையன்னைக்கு உன்னைச் சக்கர நாற்காலியோட, வாசலுக்கு மேல இருக்கிற பாடகர் மாடிக்குத் தூக்க வச்சது நான்தான். இருபத்திரண்டு படி, நாலு ஆம்பளைங்க. கோயிலே திரும்பிப் பார்த்துச்சு. நீ சேலையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டே. அன்னைக்கு நீ பாடவே இல்லை.

அதுலேர்ந்து எனக்கு இருப்புக் கொள்ளலை.

பங்குச் சாமியார்கிட்ட சண்டை போட்டு ஆர்மோனியத்தைக் கீழே இறக்கிட்டேன். இனிமே எல்லாரும் பீடத்துக்குப் பக்கத்துலதான் பாடுறோம். வாசல் படியோரம் சிமெண்ட்ல சரிவும் போட்டாச்சு. முட்டி வலிக்காரங்க எல்லாம் அதுலதான் ஏறுறாங்க. முன்பெஞ்சுல ஒண்ணை எடுத்து உனக்கு இடம் விட்டிருக்கோம்.

அன்னைக்கு உன்னைக் கேட்காமத் தூக்கினோம். இப்பக் கேட்கிறேன்: வர்றியா?

இப்படிக்கு,
உன் குரல் இல்லாமல் சுருதி தப்புகிறவள்