மருமகன் ஊர் சுற்றிக் காட்டிய நாட்கள்

சேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1931 ஆகஸ்டு 20, வியாழக்கிழமை

அருமை மகள் மகதலேனாவுக்கு, உன் தகப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நான் சுகம். நீயும் குழந்தை டொரத்தியும் உன் அம்மாவும் அங்கே சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. எதுவும் விட்டுப்போகாமல் இருக்க முதலில் எண் போட்டுக்கொள்கிறேன்.

1. என் பிரயாணமும் உடம்பும்.
2. இங்கே பார்த்த இடங்கள்.
3. சாப்பாட்டுக் கடைகள்.
4. கிரிகரியைப் பற்றி உனக்குத் தெரியாத ஒரு செய்தி.
5. இனி நீ செய்ய வேண்டியது பற்றி என் யோசனை.

நான்காவதற்குத் தாவிவிடாதே, அம்மா. வரிசையாகவே படி. எழுதுகிற எனக்கும் இந்த வரிசைதான் கொஞ்சம் தைரியம் தருகிறது.

முதலாவது. நாகப்பட்டினத்தில் ஏறிய மூன்றாம் நாள் வரை தலை தூக்க முடியவில்லை. பிறகு சரியாகிவிட்டது. முப்பத்தெட்டு வருஷம் பூகோளம் கற்பித்தவன் கடலைத் தாண்டியது இதுவே முதல் தடவை. இந்த வயதில் வேண்டாம் என்று நீ அழுததும், உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்ததும் கப்பலில் அடிக்கடி நினைவுக்கு வந்தன. ஆனாலும் வராமல் இருக்க முடியவில்லை. கிரிகரி உன்னைக் கலியாணம் முடித்துக் கப்பல் ஏறி மூன்று வருஷமாகப் போகிறது. பிறந்த குழந்தையை அவன் இன்னும் பார்க்கவில்லை. கம்பெனி கோட்டர்ஸ் வீடு கிடைக்கவில்லை, கிடைத்ததும் கூப்பிடுகிறார் என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். மகளிடம் எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் மறைக்கவும் கூடாது. அவனுக்கு இங்கே வேறு குடும்பம் ஏதாவது இருக்குமோ என்று சந்தேகப்பட்டேன். இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

துறைமுகத்துக்கு வெள்ளைக் கோட்டும் டையும் போட்டு வந்திருந்தான். மாசக் கடைசி வரை லீவு எடுத்திருப்பதாகச் சொன்னான். அவனுக்குத் தரவிருக்கும் கோட்டர்ஸில் கறையான் பிடித்து மராமத்து நடக்கிறதாம். அதுவரை பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் உள்ள இரண்டு அறைகளில் இருக்கிறான். நானும் அங்கேதான் தங்கியிருக்கிறேன். அறைகள் சுத்தமானவை. ரயில் சத்தம் மட்டும் அதிகம்.

இரண்டாவது. இறங்கின அன்றே வழியில் கிள்ளானில் நிறுத்தி லூர்து மாதா கோயிலைக் காட்டினான். கோபுரம் நல்ல உயரம். மறுநாளிலிருந்து கோலாலம்பூர். ரயில் ஸ்டேஷனை ஒரு அரண்மனை என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினேன், அவன் சிரித்தான். மணிக்கூண்டு வைத்த சர்க்கார் கச்சேரியையும், எதிரே துரைமார் பந்து விளையாடும் புல்வெளியையும் பார்த்தோம். இரண்டு ஆறுகள் சேரும் முனையில் ஒரு மசூதி இருக்கிறது. கிள்ளான் ஆறும் கொம்பாக் ஆறும் கூடும் இடம் என்று எத்தனையோ வருஷம் சுவரிலே தொங்கிய படத்தில் கோலால் தொட்டுக் காட்டியிருக்கிறேன். தண்ணீர் இவ்வளவு கலங்கலாக இருக்கும் என்று நான் ஒரு வகுப்புக்கும் சொன்னதில்லை.

ஏரித் தோட்டம் என் மனசுக்குப் பிடித்தது. பெரிய மரங்கள், நடுவே ஏரி, சுற்றிலும் நடக்க நல்ல பாதை. எந்தப் பெஞ்சில் பத்து மணிக்கு நிழல் விழும், எந்தப் பெஞ்சுக்கு மூன்று மணிக்கு மேல் போகவேண்டும் என்று கிரிகரிக்குத் தெரியும். கச்சான் என்கிற வேர்க்கடலை விற்பவனுக்கும் தோட்டக்காரனுக்கும் அவன் பேர் தெரியும். அதை ஊரின் மேல் உள்ள அபிமானம் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஏரிக்கரையில் ஒரு சரிவைக் காட்டி, "இங்க டொரத்தி ஓடினா விழமாட்டா, மாமா. புல்லு மெத்தை மாதிரி" என்றான்.

பிறகு மியூசியம். பஞ்சடைத்து வைத்த புலி, முதலை, மலைஜாதியார் அம்பு ஊதும் குழல் எல்லாம் இருக்கின்றன. அங்கே காவலுக்கு இருக்கும் ஜெயராஜ் நம்மவர், மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். கிரிகரியைப் பார்த்ததும், "என்ன கிராணியாரே, வெளிய மழை இல்லையே, அப்புறம் ஏன் உள்ள வந்தீங்க? புலிய எழுப்பிடாதீங்க லா, நேத்துதான் தூங்குச்சு" என்றார். கிராணி என்றால் இங்கே குமாஸ்தா. நானும் சேர்ந்து சிரித்தேன். என்ன வேடிக்கை என்று கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாவது. நாங்கள் ஏழு கடைகளில் சாப்பிட்டோம். குறிப்புப் புத்தகத்தில் வரிசையாக இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதி உன்னைச் சோதிக்கமாட்டேன். சீனன் காப்பிக் கடையில் மேஜை சலவைக்கல். காப்பியைச் சாசரில் ஊற்றிக் குடிக்கிறார்கள். ரொட்டியை வாட்டித் தேங்காய்ப் பால் ஜாம் தடவித் தருகிறான். பன்றி நெய் இருக்குமோ என்று நான் மூன்று தடவை கேட்டதில் கடைக்காரன் வேறு மேஜைக்குப் போய்விட்டான். மலாய்க்காரர் ஒருவர் தெருவில் உட்கார்ந்து இறைச்சியை ஈர்க்குச்சியில் கோத்துச் சுட்டு விற்கிறார். வேர்க்கடலைக் குழம்பில் தொட்டுத் தின்ன வேண்டும். என் பல்லுக்கும் அது இசைந்தது. எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் கிரிகரி முதலில் கேட்பது, "இத டொரத்தி சாப்பிடுவாளா, மாமா? காரம் தாங்குவாளா?" என்பதுதான். எனக்கு எப்போதும் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. குழந்தை என்ன சாப்பிடுகிறாள் என்று நான் கவனித்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் அறைக்கு முன்னால் உள்ள கடை புஷ்பவல்லி என்ற அம்மாளுடையது. புருஷன் இல்லை, தனியாக நடத்துகிறாள். குரல் மட்டும் பெரிசு. அவள் மீன் குழம்பு ஏழு கடைகளிலும் முதல்.

நான்காவது. மகளே, இதை உட்கார்ந்து படி. குழந்தையை அம்மாவிடம் கொடு.

நான் பயந்த சுபாவம் என்பது உனக்குத் தெரியும். ஆனால் உனக்காக ஒரு காரியம் துணிந்து செய்வது என்று தீர்மானித்தேன். கோட்டர்ஸ் சீக்கிரம் கொடுக்கும்படி கம்பெனிக்கு இங்கிலீஷில் ஒரு மனு எழுதினேன், நாலு தடவை படி எடுத்தேன். திங்கட்கிழமை காலை, கிரிகரி கோயில் வேலை இருக்கிறது என்று சொன்ன நேரம் பார்த்து, மனுவையும் ஒரு எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக்கொண்டு மத்தியானம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியே கம்பெனி ஆபீசுக்குப் போனேன். மேலதிகாரியை வெறுங்கையோடு பார்ப்பது நம் ஊரில் மரியாதை இல்லையே. அந்தக் கட்டிடத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன்.

தலைமைக் கிராணி சபாபதி என்பவர், யாழ்ப்பாணத்தார். எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார். பழத்தை வாங்கி, எங்கே வைப்பதென்று தெரியாமல் மைக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மனுவை இரண்டு தரம் வாசித்தார். பிறகு மெதுவாக, "ஐயா, கிரிகரி இப்ப இங்க இல்லை. ரப்பர் விலை விழுந்தாப் பிறகு பெப்ரவரியில பதினாலு பேரை நிப்பாட்டினவை. அதில அவரும் ஒராள்" என்றார். மனுவை மடித்துக்கொண்டே, "உங்களுக்குச் சொல்லேல்லையோ?" என்று கேட்டார். நல்ல வேலைக்காரர், பிழை அவரில் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். புறப்படும்போது பழத்தை என் கையில் திருப்பி வைத்து, "இதை நீங்களே கொண்டு போங்கோ. என்னால ஒண்டும் செய்யேலாது" என்றார்.

நான் சொல்லியிருந்த நேரத்துக்கு முன்னாலேயே திரும்பிவிட்டேன். கடைக்குள் தோட்டக் கூலிகள் பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆள் குறைப்பில் ஊருக்கு அனுப்பப்படுகிறவர்கள். கோட்டும் டையும் இல்லாமல், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அவர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவன் உன் புருஷன். ஒரு கிழவர், "வரேன்னு எழுதுங்க தம்பி. ஏன் வரேன்னு மட்டும் எழுதாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிரிகரி தலை ஆட்டிவிட்டு எழுதினான். புஷ்பவல்லி வாசலில் என்னைக் கண்டுவிட்டு, உள்ளே கேட்காதபடி குரலைத் தணித்து, "பார்த்துட்டீங்களா, பெரியவரே? என் குழம்புக்குக் கூட்டம் வருதுன்னு இருந்தேன். எல்லாம் உங்க மருமகன் கையெழுத்துக்கு. நானும் அதுக்குத்தான் சோறு போடறேன்" என்றாள். நான் பழத்தை அவளிடம் கொடுத்துவிட்டு ரயில் பாதை வரை நடந்தேன். சொன்ன நேரத்துக்கு வந்தபோது அவன் டை கட்டியிருந்தான். எங்கே போனீர்கள் என்று கேட்டான். காலாறப் போனேன் என்றேன்.

ஆக, லீவும் இல்லை, கறையானும் இல்லை, கோட்டர்ஸும் இல்லை. இத்தனை நாள் அவன் எனக்கு ஊர் காட்டியது, வீட்டில் உட்கார்ந்தால் நான் கேள்வி கேட்பேன் என்பதற்காக. நேற்றுக்கூட பத்து மலைக் குகைக்கு அழைத்துப் போனான். அத்தனை படியும் ஏறினோம். அவனுக்கு வேலை போனது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. மேலே நின்று, "காத்து நல்லாருக்குல்ல, மாமா?" என்றான். ஆமாம் என்றேன்.

இதை உனக்கு எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாகத் தூக்கமில்லை. வேலை போனதைக் கட்டின மனைவிக்கு மறைப்பது பெரிய குற்றம் என்றே இப்போது நினைக்கிறேன். ஆனால் அவன் கெட்டவன் அல்ல. இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை.

ஐந்தாவது. என் யோசனை என்னவென்றால், நீ இப்போதைக்கு

22, சனிக்கிழமை

மேலே பாதியில் நின்றிருப்பதற்குக் காரணம் சொல்கிறேன். தாளைக் கிழித்து வேறே எழுதலாம். நடந்ததை அழித்து எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரு பையனைப் பற்றி அவன் தகப்பனுக்கு எழுதினால், தபாலில் போடுமுன் அந்தப் பையனுக்கே வாசித்துக் காட்டுவேன். ஒருவன் முதுகுக்குப் பின்னால் எழுதக்கூடாது என்பது என் விதி. ஐந்தாவதை எழுதத் தொடங்கியதும் அது உறுத்தவே, நிறுத்திவிட்டு வியாழக்கிழமை சாயந்தரம் கிரிகரியை எதிரே உட்காரவைத்து இந்தக் கடிதத்தை முதலிலிருந்து வாசித்தேன். கடைசி வரை அவன் தலை நிமிரவில்லை. முடிந்ததும், "மாமா, மகதலேனாவுக்குத் தெரியும். மார்ச்சு மாசமே எழுதிட்டேன்" என்றான்.

நான் நம்பவில்லை. பெட்டியிலிருந்து உன் கடிதக்கட்டை எடுத்தான். புருஷன் மனைவி கடிதத்தை நான் வாசிக்கமாட்டேன் என்றேன். அவனே ஒரு வரி மட்டும் வாசித்தான். "அப்பாவுக்குத் தெரிந்தால் என்னை அனுப்பமாட்டார். அவர் வேண்டாம் என்றால் நான் மீறவும் மாட்டேன். அதனால் அவருக்குத் தெரியவே கூடாது." அது உன் வார்த்தைதானா என்று கேட்கவில்லை. உன் எழுத்தைத் தூரத்திலிருந்தே எனக்குத் தெரியும்.

அக்டோபரில் கோட்டர்ஸ் கிடைத்துவிட்டது என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குழந்தையோடு கப்பல் ஏறுவதாக இருந்தாயாம். இந்த இரண்டு அறையில் இருப்பாயாம். தையல் படித்துக்கொண்டிருக்கிறாயாம். பாதிரிமார் பள்ளி ஒன்றில் வாத்தியார் வேலைக்கு அவன் சொல்லி வைத்திருக்கிறான். கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. அதுவும் உனக்குத் தெரியும் என்றான்.

நான் அப்படி என்ன செய்துவிட்டேன் என்று கேட்டேன். கலியாணத்துக்கு மறுவாரம் விருந்தில், பக்கத்து வீட்டுக்காரர் மருமகனைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "வேலை போனவன் வீட்டுக்கு என் மகளாயிருந்தால் அனுப்பமாட்டேன், உயிர் போனாலும் அனுப்பமாட்டேன்" என்று நான் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. எந்த இலையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது வரை அவனுக்கு நினைவிருக்கிறது. "நீங்க சாதாரணமாத்தான் சொன்னீங்க, மாமா. ஆனா மகதலேனா என்னைத் திரும்பிப் பார்த்தா" என்றான். உன் அம்மாவுக்கும் இது தெரியுமா என்று கேட்டேன். "சாப்பிடலாம் மாமா, நேரமாச்சு" என்றான்.

நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன், மகதலேனா. வகுப்பில் பெரிய பையன்களுக்குப் பயம், இன்ஸ்பெக்டருக்குப் பயம், சீனன் கடைக் காப்பிக்குப் பயம். என்னைக் கண்டு என் வீட்டில் பயப்படுகிறார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நேற்று முழுவதும் ஏரிக்கரையில் தனியே உட்கார்ந்து யோசித்தேன். வியாழக்கிழமை அவன் பேசாமல் இருந்திருந்தால், ஐந்தாவது எண்ணில் நான் எழுதியிருக்கக்கூடியது, "நீ இப்போதைக்கு அங்கேயே இரு" என்பதுதான். நீயும் இருந்திருப்பாய். நீ என்னைச் சரியாகத்தான் அறிந்திருக்கிறாய்.

ஆகையால் என் யோசனையை எழுதவில்லை. உன்னுடையதே போதும். அக்டோபர் கப்பலில் வா. அம்மா தனியாக இருக்கச் சம்மதித்தால் அதுவரை நான் இங்கேயே இருந்து, துறைமுகத்தில் கிரிகரியோடு நிற்கிறேன். சம்மதிக்காவிட்டால் உடனே எழுது, நான் திரும்பி வந்து உன்னையும் குழந்தையையும் கப்பலேற்றிவிடுகிறேன். கேட்கிறவர்களிடம் கோட்டர்ஸ் என்று சொல்ல வேண்டாம். கடைக்குப் பின்னால் இரண்டு அறை, அருகே நல்ல தோட்டம் என்று நான் சொன்னதாகச் சொல். புல் மெத்தை மாதிரி இருக்கும் அந்தச் சரிவை நான் நடந்து பார்த்துவிட்டேன். அவன் சொன்னது சரி.

ஒரே ஒரு வேண்டுகோள். இனி அவனுக்கு எழுதும்போது, அதே செய்தியை எனக்கும் எழுது. நல்லது கெட்டது எதுவானாலும் எழுது. நான் உடனே பதில் எழுதாவிட்டால் கோபம் என்று நினைக்காதே. பயம் தெளிய எனக்கு இரண்டு நாள் பிடிக்கும், அவ்வளவுதான். சர்வேசுரனும் தேவமாதாவும் உன்னையும் குழந்தையையும் கடலிலும் கரையிலும் காப்பார்களாக.

நான்காவது எண்ணுக்கு நேரே, "உனக்குத் தெரியாத ஒரு செய்தி" என்று எழுதியிருக்கிறேன். அது தவறு. தெரியாமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா
கொர்னேலியஸ்