நேர்ந்துவிட்ட தலை

12 நவம்பர் 1979, திங்கள்

சாரல். புட்டியில் தேங்காய் எண்ணெய் உறைந்து கல்லாகிக் கிடந்தது. அடுப்போரம் வைத்து உருக்கி உச்சியில் கொஞ்சம், நுனியில் கொஞ்சம். ரெட்டைச் சடை. நுனியை உள்ளே மடித்து, தலையைச் சுற்றிக் கட்டி, மேலே பழைய வேட்டித் துணி. பள்ளங்கி கேரட் தோட்டத்துப் பனியும் சேறும் முடியைத் தின்றுவிடும். நுனி வெளியே தெரிந்தால் போச்சு.

அட்டுவம்பட்டி முக்கில் லாரிக்கு நிற்கிறேன், பழனி பஸ் வருகிறது. இறங்கியது என் மாமியார். கடிதம் இல்லை, சொல்லி அனுப்பவில்லை. இரண்டு பை, ஒரு கூஜா, ஊரறிந்த அந்தக் கொண்டை. (இனி மா. என்றே எழுதுவேன். முழுசாக எழுதினால் மை தண்டம்.)

என் தலைத்துணியைப் பார்த்ததும் முதல் பேச்சு: "என்ன சரோசா, எழவு வீட்டுக்கா கெளம்பிட்ட?"

வாங்க அத்தை என்றேன். வேறென்ன சொல்ல.

13, செவ்வாய்

மழை இல்லை. மூடுபனி. விறகு ஈரம்.

மா. வந்த சோலி தெரிந்துவிட்டது. ஆடியில் இவர் பழனியில், அம்மா வீட்டில், டைபாய்டில் கிடந்தாரே, அப்போது வேண்டுதலாம். சாப்பிடும்போது சாவகாசமாகச் சொல்கிறாள்.

"ராசு பொழச்சு எந்திரிச்சா ஒன் முடிய எறக்குறதா நேந்துக்கிட்டேன். வர்ற ஞாயித்துக்கு அடுத்த ஞாயிறு பழனிக்கு வந்துருங்க."

ஒன் முடிய. கறிவேப்பிலை கிள்ளுவது மாதிரி சொல்கிறாள். ஆட்டை நேர்ந்துவிடுவார்கள், தெரியும். என் தலையை நேர்ந்துவிட்டிருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

"பூமுடி குடுக்குறேன் அத்தை, நுனியில மட்டும். மூணு கொத்து. பொம்பளைங்க நெறையப் பேரு அப்படித்தானே குடுக்குறாங்க."

"என் மகனுக்குக் காய்ச்சலு பூவாவா வந்துச்சு? முழுசால்ல வந்துச்சு!"

இவர் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றில் என்ன எழுதியிருந்ததோ.

மா.வுக்கு அடிவாரத்தில் சந்தனக் கடை. மொட்டை போட்டு வருகிற தலைக்கெல்லாம் சந்தனம் குழைத்துக் கொடுப்பவள். அவள் வீட்டில் இதுவரை எந்தப் பெண் தலையிலாவது கத்தி பட்டிருக்கிறதா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். நெஞ்சு இன்னும் எரிகிறது.

15, வியாழன்

என் தலையில் மா. கண்ட குற்றங்கள்:
சீயக்காயோடு பாசிப்பயறு அரைப்பது. (தின்கிற பொருளாம்.)
சோறு வடித்த கஞ்சியைத் தலைக்கு எடுத்துவைப்பது. (மாட்டுக்கு ஊற்றலாமாம். மாடு எங்கே இருக்கிறது?)
பங்களா வேலியில் செம்பருத்தி இலை பறிப்பது.
செவ்வாய் வெள்ளியை விட்டு ஞாயிற்றுக்கிழமை தலைமுழுகுவது. "சிலோன்காரிகளுக்கு நாளும் கெழமையும் கெடையாது போல."
தோட்டத்துக்கு லீவு என்றைக்கோ அன்றைக்குத்தானே முழுக முடியும்? பேசினால் வாயாடி.

அம்மாவை நினைத்துக்கொண்டேன். வடகவுஞ்சியில் அண்ணனோடு இருக்கிறாள். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடையின் கயிறு தலையில்தானே மாட்டும். வருஷக்கணக்கில் உரசி அவள் உச்சியில் ஒரு பட்டைக்கு முடியே கிடையாது. எனக்குப் பத்து வயதில் கூடை மாட்டிவிட்டபோது கயிற்றுக்கு அடியில் துணியை நாலாக மடித்து வைத்தாள். "இது ஒண்ணாவது ஒனக்கு மிஞ்சட்டும் புள்ள." கப்பலேறி வந்ததில் எங்களுக்கு மிஞ்சியது இரண்டு டிரங்குப் பெட்டியும் என் முடியும்.

மாலையில் இவர் இருமினார். வெறும் குளிர் இருமல். மா. அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். எனக்கும் ஆடிக் காய்ச்சல் ஞாபகம் வந்தது. அதுதான் ஆத்திரம். முடியா புருஷனா என்று வாயால் கேட்காமலே கேட்கிறாள்.

18, ஞாயிறு

கொஞ்சம் வெயில். தலைமுழுக்கு. இந்த ஊரில் எங்கே காய்கிறது? சாம்பிராணி போட்டு, கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் முடியைப் பரப்பிப் படுத்தேன்.

மா. வந்தாள். முடியைக் கையில் ஏந்திப் பார்த்தாள், சந்தையில் முருங்கைக்காய்க் கட்டைத் தூக்கிப் பார்ப்பது போல.

"நல்லா அடத்தியாத்தான் கெடக்கு. சாமிக்குக் கொறையில்ல."

கண்ணை மூடிக்கொண்டேன். திறந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அவள் வந்ததிலிருந்து தலைக்கு ஊற்றவே இல்லை. கேட்டால் சளி பிடிக்குமாம். கொண்டையை என் எதிரே அவிழ்த்ததும் இல்லை. மகாராணி.

21, புதன்

கொட்டும் மழை. மேஸ்திரி வெள்ளனே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நனைந்து வந்து கதவைத் தள்ளினால், அடுப்புக்கு மேல் கொடியில் கறுப்பாக என்னமோ தொங்குகிறது. செத்த எலி என்று நினைத்து அலறிவிட்டேன்.

சவுரி. கொண்டைக்குள் வைத்துக் கட்டும் ஒட்டுமுடி. முழங்கை நீளம், ஈரம் சொட்டுகிறது.

மா. அடுப்பங்கரை மூலையில் உட்கார்ந்திருந்தாள். தலையில் எண்ணிப் பார்க்கும் அளவுக்குத்தான் முடி. மண்டை வெள்ளையாகத் தெரிகிறது. ஊரறிந்த கொண்டை மொத்தமும் கொடியில்.

"கதவத் தட்டிட்டு வரணும்னு தெரியாதா? ஒங்க தேயிலத் தோட்டத்து லயத்துல கதவே கெடையாதோ?"

"என் வீட்டுக் கதவு அத்தை."

முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். சந்தோஷப்பட்டேன். மறைக்க என்ன இருக்கிறது, ரொம்பச் சந்தோஷப்பட்டேன்.

22, வியாழன்

இவரை மடக்கிக் கேட்டேன். முதலில் மழை, கரண்ட், தோட்டம் என்று சுற்றினார். பிறகு கக்கிவிட்டார். காய்ச்சலில் கிடந்தபோது தன் காதாலேயே கேட்டாராம். மா. வேண்டிக்கொண்டது தன் முடியை. இவர் எழுந்ததும் அதே காய்ச்சல் அவளைப் பிடித்துக்கொண்டது. அப்போது நான் இங்கே தோட்டத்தில். அவளுக்கு வெறும் மெலிவுதான் என்று எனக்குச் சொன்னார்கள். பிழைத்தாள், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டது.

"அதுக்கு என் தலையா?"

"எங்கம்மா அடிவாரத்துல நாலு பேரு முன்னால அசிங்கப்படணுமா? ஒனக்கு வளந்துரும்ல."

வளர்ந்துவிடுமாம். தினம் எண்ணெய் உருக்கி இவரே வளர்த்துவிட்டது போலப் பேச்சு. இன்று சோறு வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காரவில்லை.

23, வெள்ளி

மா.விடம் நேராகவே பேசினேன். "சாமியே எடுத்துக்கிட்டாரு அத்தை. விட்டுருங்க."

"கொட்டுனது குடுத்ததாகுமா? குப்பையில போச்சுடி அது. நான் கையால குடுக்கவே இல்லையே." கொண்டைக்குள் விரலை விட்டு உள்முடியை இழுத்துக் காட்டினாள். "இந்த எலிவாலக் கொண்டுபோய் அவன்கிட்ட நீட்டவா? ஏச்சுட்டேன்னு திரும்ப எம்புள்ளைய எடுத்துக்கிட்டா?"

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவப்பட்டால் மொட்டை எனக்கு.

"சரி. ஞாயித்துக்கெழமை வர்றேன். வேண்டுதல் யாருதுன்னு மண்டபத்துல கேப்பாங்கல்ல? அங்க வச்சு, சாமி மலையப் பாத்து, ஒங்க வாயால என் பேரச் சொல்லுங்க. உக்காந்துடுறேன்."

அவள் துணிந்து சொல்லிவிட்டால்?

25, ஞாயிறு. பழனி

கீழே இறங்க இறங்க வெக்கை. புட்டியில் எண்ணெய் உருகிப் பையெல்லாம் பிசுக்கு. நேற்று ஒழுங்காக வாரி, மறுபடி அவிழ்த்து, மறுபடி வாரினேன். கடைசித் தடவையோ என்று. வழியெல்லாம் மா. கொண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இவர் தூங்குவது போல நடித்தார்.

முடி இறக்கும் மண்டபம். என்னைத்தான் உட்காரவைத்தாள். நாவிதர் மா.வுக்குத் தெரிந்தவர், நம்ம கடையக்கா என்று ஒரே உபசாரம். என் சடையை அவிழ்த்து ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. கத்தியில் புது பிளேடு.

"வேண்டுதல் யாரு பேருலக்கா?"

நான் மா.வைப் பார்த்தேன். மா. மலையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. ச என்று ஆரம்பித்துவிட்டாள் என்றே நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

"எந்திரி" என்றாள்.

புரியவில்லை.

"எந்திரின்னு சொல்றேன்ல! செவிடா நீ?"

எழுந்தேன். அவள் உட்கார்ந்தாள். நாவிதர் கொண்டைக்குக் கையை நீட்டுகிறார். சுற்றிலும் அடிவாரத்து முகங்கள், பூக்காரி, தேங்காய்க் கடைக்காரர், எல்லாரும். ஏன் செய்தேன் என்று தெரியாது. குறுக்கே புகுந்து, "நான் அவுத்து விடுறேன்" என்று முந்தானையை விரித்து மறைத்து, ஊசிகளைப் பிடுங்கி, சவுரியை உருவி மடியில் செருகிக்கொண்டேன். மா. உடம்பு விறைத்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரை நானே ஊற்றினேன். நனைந்த தலையில் எது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

நாவிதர் கத்தி வைத்ததும் முடிந்துவிட்டது. காதோரம் தடவி, "புதுசு முளைக்குதுக்கா" என்றார், மெதுவாக.

நான் பூமுடி கொடுத்தேன். மூன்று கொத்து. இவர் சாமி கும்பிட்டார், வேறு யாருக்கோ நடந்தது போல.

கடையில் சந்தனத்தை நான்தான் பூசினேன். வழுவழுவென்று சின்னத் தலை.

"நல்லா அழுத்தித் தேயி. கூலிக்குத் தேய்க்குற மாதிரி தேய்க்காத."

"குனிஞ்சு உக்காருங்க, தேய்க்குறேன்."

பஸ் கிளம்பும்போது ஜன்னலோரம் வந்தாள். சவுரியைக் கேட்கப்போகிறாள் என்று மடியைத் தொட்டுக்கொண்டேன்.

"சீயக்காயில பயறக் கொறச்சுப் போடு" என்றாள்.

26, திங்கள்

பனி. லீவு சொல்லியாயிற்று. எண்ணெய் மறுபடி உறைந்துவிட்டது. இவர் இருமவில்லை.

சவுரி டிரங்குப் பெட்டியில். ஒரே சிக்கு, அடுப்புப் புகை நாற்றம். எந்த ஊர்க்காரி எந்தப் பிள்ளைக்காக அந்த மண்டபத்தில் இறக்கிய முடியோ. சீயக்காய் ஊறப்போட்டிருக்கிறேன், என் தலையோடு இதையும் அலசவேண்டும். திருப்பிக் கொடுக்க மாட்டேன். வாய்விட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

பயறு எப்போதும் போடும் அளவுதான் போட்டேன்.