கடை மேசையில் இருந்த பத்திரிகை

ஜனவரி 11, சனி. ஷார்ஜா.

காலையில் மூடுபனி. எதிர்க் கட்டடமே காணவில்லை. பதினோரு மணிக்கு மேல் நல்ல இளவெயில்.

சரசக்கா இன்று எங்கள் வீட்டுக்கு வந்து, கை நனைக்காமல் திரும்பிப் போய்விட்டார்.

பதினெட்டுப் பேருக்குச் சமையல். அரிசிம்பருப்புச் சாதம், கோழி வறுவல், தயிர், அப்பளம். லீவு நாளில் ஒரு வீடு என்று கோயமுத்தூர், திருப்பூர் பக்கத்து ஐந்து குடும்பங்கள் முறை வைத்துக் கூடுகிறோம். முன்பு வெள்ளிக்கிழமை, இங்கே லீவு மாறியபின் சனி. ஒன்பது வருஷமாக நடக்கிறது. தொடங்கி வைத்ததே சரசக்காதான்.

நடந்தது இது. மணி ஒன்று. கதவு திறந்திருந்தது. என் காதில் இயர்போன், லைனில் திருப்பூர் பிரிண்டிங்காரர். என் கடைக்கு வரவேண்டிய குழந்தைகள் டீ-ஷர்ட், எட்டாயிரம் பீஸில் ஆரஞ்சுக்குப் பதில் செங்கல் கலர் அடித்துவைத்திருக்கிறார். வாசலில் சரசக்காவும் அவர் வீட்டுக்காரர் குமாரசாமி மாமாவும். அக்கா கையில் தூக்குப்போசி. உள்ளே சந்தகை, எங்கள் ஊர் இடியாப்பம், எனக்குப் பிடிக்கும் என்று பிழிந்து கொண்டுவந்தது. பார்த்தேன். தலையை ஆட்டினேன். கையால் ஹாலைக் காட்டினேன். பேச்சை நிறுத்தவில்லை.

அவர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே லிஃப்டிலிருந்து இப்ராஹிம். நைஜீரியக்காரர், பெருநாள் சரக்கு என்னிடம் எடுப்பவர். நான்தான் கூப்பிட்டிருந்தேன். போனைக் கட் செய்தேன். அக்காவைத் தாண்டிப் போய், "வெல்கம் பிரதர், வெல்கம்" என்றேன்.

எழுதும்போதுதான் வரிசை தெரிகிறது.

அக்கா போசியைச் சமையலறை மேடையில் வைத்தார். சோபாவில் பத்து நிமிஷம். பிறகு எழுந்தார்.

"மாமாவுக்குத் தலவலிங்குறாரு. கெளம்பறோம்."

"சாப்புட்டுப் போங்கக்கா."

"போச்சாது, பரவால்ல அம்மணி. நீ ஏவாரத்தைப் பாரு."

மாமா அப்பளத் தட்டைப் பார்த்துக்கொண்டே போனார். தலைவலிக்காரர் பார்க்கிற பார்வை இல்லை. போய்ட்டு வாரேன் என்று இருவரும் சொல்லவில்லை.

பாத்திரம் துலக்க ஜெசிந்தா நின்றாள். கோயமுத்தூர்ப் பெண், இங்கே நர்ஸ், வாயாடி.

"ஏனுங்க்கா, சரசக்காவை வாங்கன்னு கேட்டீங்களா?"

"தலைய ஆட்டுனனே."

"ஆட்டறதுக்கு நீங்க என்ன பூம்பூம் மாடுங்களா?"

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது.

எங்கள் பக்கம் அடிதடி வரைக்கும் போனவர்கள்கூட ஒரே பந்தியில் உட்கார்ந்துவிடுவார்கள். வாசலுக்கு வந்தவரை வாங்க என்று கேட்காமல் விட்டதை மட்டும் பேரன் பேத்திக்குச் சொல்லிவைத்துவிட்டுப் போவார்கள். தெரியாதவளா நான்?


ஜனவரி 12, ஞாயிறு.

அக்காவுக்கு இரண்டு முறை போன். மணி அடித்து நின்றது.

செய்தவை: அலமாரி மடித்தேன். மடித்ததைக் கலைத்து மறுபடி மடித்தேன். கடைக்குப் போய் சைஸ் வாரியாகப் பண்டல் மாற்றினேன். திரும்பி வந்தேன். போசியைக் கழுவினேன். சந்தகை மூன்று வேளையும் நானே தின்றேன்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் இவருக்கு வேலை போய் நின்றபோது, சரசக்கா தன் ஹாலில் பலகை வைத்துத் தடுத்துப் பாதியை எங்களுக்குக் கொடுத்தார். என் முதல் இரண்டு பண்டல் பனியன் அங்கே எங்கள் கட்டிலடியில்தான் இருந்தது. லீவு நாளில் நாலு வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "மல்லிகா கிட்ட பனியன் இருக்குது, பாத்துப்போட்டுப் போங்க" என்பார். முதல் வியாபாரம் அதுதான்.

ஆக, லீவு நாள் விருந்தில் வியாபாரம் பண்ணப் பழக்கியது அவர். இப்போது கோபமும் அவருக்கு. இது என்ன நியாயம்?

இவரிடம் சொன்னேன். "அதையும் போன் போட்டு அக்காகிட்டயே கேளு" என்றார். எடுத்தால்தானே கேட்க.


ஜனவரி 18, சனி.

காற்று. மேகம். மழை வரும் போல இருந்து வரவில்லை.

ஜெசிந்தா முறை. பூங்காவில் கோழி சுடுவது. கரி பற்றவே ஒரு மணி நேரம். பிள்ளைகள் பந்து, ஆண்கள் சீட்டு, பெண்கள் ஊர்க்கதை. சரசக்கா வரவில்லை. மாமா மட்டும் வந்து ஒரு துண்டு தின்றுவிட்டு, தலைவலி இல்லாமலேயே போனார்.

சரசக்கா பற்றிக் காதில் விழுந்தது: "வெள்ளகோயில்ல ஊடு முடிஞ்சிருச்சாமா. ரெண்டாந்தேதி பால் காய்ச்சறாங்க. நேத்து ஜோடியா வந்து பத்திரிக்கை வெச்சுட்டுப் போனாங்க, வெத்தலை பாக்கோட."

மூன்று வீட்டுக்கு வைத்தாயிற்று. எங்கள் வீடு ஜெசிந்தா வீட்டிலிருந்து இரண்டு தெரு.

எனக்குப் பூங்காவில் உட்கார முடியவில்லை. மூன்று சுற்று நடந்தேன். போன் அடித்தது, இப்ராஹிம். பேசினேன். பேசிக்கொண்டே நான்காவது சுற்று.


ஜனவரி 23, வியாழன்.

வெயில். கன்டெய்னர் வந்தது. செங்கல் கலரைத் தனியாக எடுத்துவைத்தேன், அதை வாங்கவும் ஒரு ஊர் இருக்கும்.

துறைமுகத்திலிருந்து கடைக்குத் திரும்பினால் மேசைமேல் பத்திரிகை. மஞ்சள் தடவியது. பேனா ஸ்டாண்டுக்கும் கால்குலேட்டருக்கும் நடுவில்.

கடையில் நிற்கும் ரபீக் அண்ணன் சொன்னார்: "ஒரு அம்மா வந்தாங்க. நீங்க வர அரை மணி ஆகும், உக்காருங்கன்னேன். போச்சாது, இங்கியே வெச்சர்றேன்னாங்க."

"வேற என்ன சொன்னாங்க?"

"கடை நல்லா இருக்குதுன்னாங்க."

வீட்டுக்கு வரவில்லை. ஜோடியாக வரவில்லை. கடைக்காரிக்குக் கடையில். நான் செய்ததை அளந்து, அதே அளவில் திருப்பித் தந்திருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு சரியாக அளக்கும் ஆள் கடை வைக்காமல் போனதே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் அழுகை வந்தது. டிரையல் ரூமுக்குள் போய் முடித்துக்கொண்டு வந்தேன்.


ஜனவரி 24, வெள்ளி.

டிக்கெட் எடுத்தேன், இரண்டு.

இவரிடம், திருப்பூரில் பிரிண்டிங் யூனிட்டை நேரில் பார்க்கணும் என்றேன்.

"சரி. அதுக்கு நான் எதுக்கு?"

"சும்மா, கூட."

"ஏம்புள்ள, வெள்ளகோயிலுக்கு ஜோடியாப் போகோணும்னு நேராச் சொல்லக்கூடாதா?"

இத்தனை வருஷத்தில் இவர் என்னைக் கண்டுபிடித்தது இது இரண்டாவது முறை.

பயம் எனக்கு ஒன்றுதான். அத்தனை ஒறம்பரை, சொந்தபந்தம் முன்னால் வாசலில் நிற்கிறேன், அக்கா என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் வருகிறவரை வாங்க என்று கேட்டால்? அதோடு முடிந்தது. சனிக்கிழமையும் முடிந்தது, அக்காவும் முடிந்தது.

என்ன கொண்டுபோவது: வெள்ளிக் குத்துவிளக்கு? பெரிதாகப் போனால் கஸ்டமருக்குக் கொடுப்பது போல ஆகும். பட்டு? எடுக்கத் தெரியாது எனக்கு, பனியன்தான் தெரியும். மிக்ஸி? சீ.

போசி. அவர் போசி என்னிடம்தானே இருக்கிறது. நிரப்பிக் கொண்டுபோவது. பேரீச்சை, நல்ல ரகம்.


பிப்ரவரி 1, சனி. அவிநாசி, பிறகு வெள்ளகோவில்.

விடியலில் கோயமுத்தூரில் இறங்கினோம். பனி. ஸ்வெட்டர் போட்ட டாக்ஸிக்காரர், "வாங்கம்மா" என்றார். எத்தனை 'வாங்க' என்று எண்ண ஆரம்பித்தேன். கருமத்தம்பட்டி டீக்கடையில் ஒன்று. அவிநாசியில் கொழுந்தனார் வீட்டில், கார் நிற்கும் முன்பே அவர் மனைவி ஈரக் கையோடு ஓடிவந்து மூன்று. பக்கத்து வீட்டம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு ஒன்று. ஒருத்தரும் யோசித்துச் சொல்லவில்லை. மூச்சு விடுவது போல வருகிறது. எனக்கு எப்போது நின்றது?

குளித்து, தின்று, ஒரு மணி நேரம் படுத்து, தூங்காமல் எழுந்தேன். மூன்று மணிக்குக் கிளம்பினோம். காங்கேயம் தாண்டியதும் காற்றாலைகள். நாலரைக்கு வெள்ளகோவில்.

முந்தின நாள் போனதில் கணக்கு உண்டு. முந்தின நாள் வருகிறவர்களை யாரும் வாசலில் நின்று கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் குறை இல்லை.

இவர் காரிலேயே சொன்னார்: "வாங்கன்னு கேக்க ஆளில்லாத நேரமாப் பாத்துக் கூட்டிட்டு வந்திருக்கற."

"ஆமா."

வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா வீட்டுக்குப் பின்னால், பொடக்காலியில் சமையல் பந்தலில், சமையல்காரரிடம் தேங்காய் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினார். கையால் பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். தேங்காய்ப் பேச்சைத் தொடர்ந்தார்.

நின்றேன். இரண்டு நிமிஷம் இருக்கும். அன்றைக்கு அவர்கள் செருப்பைக் கழற்றிய நேரமும் அவ்வளவுதான்.

பேச்சு முடிந்து திரும்பினார். போசியை நீட்டினேன். திறந்து பார்த்தார்.

"வெறும் போசியாக் கொண்டாரலை. அந்த மட்டுக்கும் நெனப்பிருக்குது."

"தப்புத்தானுங்க்கா."

"எது?"

"வாங்கன்னு கேக்காதது."

"அது தப்பில்ல கண்ணு. போன்ல இருந்தே, போச்சாது. அந்தாளு வந்ததும் கட் பண்ணுனே பாரு. கட் பண்ற போன்தான அது? எங்களுக்குப் பண்ணக்கூடாதா?"

அது சரிதான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "லீவு நாள்ல ஏவாரம் பண்ணப் பழக்குனதே நீங்கதானுங்களே."

"நான் மொதல்ல சோத்தைப் போட்டனா, பனியனைக் காட்டுனனா?"

"சோறுங்க்கா."

"கை கழுவிப்போட்டு வந்தப்பறந்தான பண்டலைப் பிரிச்சே?"

"ஆமாங்க்கா."

"அவ்வளவுதான் கண்ணு நான் பழக்குனது."

பந்தல் காலருகே நின்ற மாமா உள்ளே புகுந்தார். "ஏனம்மணி, எனக்கு அன்னைக்குத் தலவலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அரிசிம்பருப்பு வாசம் லிஃப்டு வரைக்கும் வந்துச்சு. இவ எழுந்திரிச்சா நானும் எழுந்திரிச்சுத்தான ஆகோணும்?"

"நீங்க சித்த அக்கட்டால போங்க" என்றார் அக்கா. அவர் போகவில்லை.

பிறகு என்னிடம்: "நாளைக்கு வெடியால அஞ்சு மணிக்கு வாசல்ல நில்லு. சந்தனத் தட்டு உன்ற கையில. வர்ற ஒறம்பரை ஒருத்தர் விடாம நீதான் வாங்கன்னு கேக்கோணும்."

"எத்தன பேருங்க்கா வருவாங்க?"

"ஐநூறு பத்திரிக்கை அடிச்சோம். ஒண்ணைக் கடையில வெச்சேன்."


பிப்ரவரி 2, ஞாயிறு. வெள்ளகோவில்.

பனி எட்டு மணி வரை. பிறகு சுள்ளென்று வெயில்.

ஐந்துக்கு வாசலில். பசுவை உள்ளே கூட்டிப்போனதும் கூட்டம் வர ஆரம்பித்தது. போன் சமையல் பந்தலில், அரிசி மூட்டைமேல். அக்கா உத்தரவு.

வாங்க. வாங்க, வாங்க. சந்தனம் எடுத்துக்குங்க. முதல் ஐம்பது பேருக்குக் கூச்சமாக இருந்தது. நூறுக்கு மேல் யார் வருகிறார்கள் என்று பார்க்கவே ஆரம்பித்தேன். கை நடுங்குகிறவர், புதுத் தாலியை வெளியே போட்டுக்கொண்டு வருகிற பெண், மாமியாரோடு பேசாமல் நாலடி பின்னால் வருகிற மருமகள். இதையெல்லாம் நான் பார்த்து எத்தனை வருஷம். கடைக்கு வருகிறவர்களின் சைஸ் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு பெரியம்மா தாடையைப் பிடித்து, "நீ யாரு கண்ணு, சரசு தங்கச்சியா?" என்றது.

"ஆமாங்க."

"மொகச்சாயலே சொல்லுது."

பக்கத்துச் சந்தில் ஒருவர் நுழைந்துவிட்டார், கேட்காமல் விட்டுவிட்டேன் என்று தட்டோடு ஓடினேன். "வாங்கண்ணா, வாங்க." அவர் திரும்பிப் பார்த்தார். "நான் நேத்தே வந்துட்டனுங்க அம்மணி. பந்தல்காரன்." இருந்தாலும் சந்தனம் எடுத்துக்கொண்டார்.

பதினொன்றரைக்குத் தொண்டை போய்விட்டது. கடைசி இருபது பேருக்குக் காற்றுதான் வந்தது.

போனை எடுத்துப் பார்த்தால் இப்ராஹிம் ஒன்பது முறை. கூப்பிட்டேன், குரல் வரவில்லை, இவர் பேசினார். ஷேடு கார்டு, கலர் மாதிரி அட்டை, உடனே வேண்டியிருந்ததாம். பாதி ஆர்டரை எதிர்க்கடைக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பாதி எத்தனை பண்டல் என்று மனதில் கணக்குப் போட்டேன். இல்லை என்று எழுதினால் பொய்.

கடைசிப் பந்தியில் அக்கா என் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்தார். விடியலிலிருந்து அவரும் சாப்பிடவில்லை. ஒப்பிட்டு, அதாவது பருப்புப் போளி, இரண்டு வைத்து, நெய்யையும் அவரே விட்டார். சாப்பிட்டுக்கொண்டே பேரம். என் பக்கத்துக்கு நான் காற்றுக் குரலில்.

அவர் கேட்டது: லீவு நாளில் கஸ்டமரே கூடாது. நான் கேட்டது: பெருநாள் சீசனுக்கு மட்டும் விடவேண்டும். மாமா நடுவர், ஒப்பிட்டு தின்றுகொண்டே.

முடிந்தது இப்படி:

கஸ்டமர் வரலாம், ஒரு சனிக்கு ஒருவர். அவருக்கும் இலை. கை கழுவும் வரை சரக்குப் பேச்சு இல்லை.

என் போன் செருப்பு ஸ்டாண்டில், எல்லோரும் போகும் வரை.

எங்கள் முறை வந்தால் வாசலில் நிற்பது நான். சமையல் இவர்.

சந்தகை மாதம் ஒரு முறை, பிழிவது அக்கா, மாவு என்னுடையது. போசி எங்கள் வீட்டுக்கு இனி தானாக வராது. நானும் இவரும் ஜோடியாகப் போய், உட்கார்ந்து, சாப்பிட்டு, வாங்கி வரவேண்டும்.