நம் நாட்டுப் பாதி

உன் மகன் கட்டும் வீட்டைத் தாண்டித்தான் இப்போது கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. வாசல் நிலைக்கு வார்னிஷ் அடித்திருக்கிறான். அந்த வாடை தெருமுனை வரை வருகிறது. மற்றவர்களுக்கு அது புது வீட்டு வாசனை, எனக்குக் குமட்டுகிறது. இதை உன்னிடம் சொல்லித் தொலைக்காமல் வேறு யாரிடம் சொல்வேன்?

சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கும் மரத்துக்குக் காகிதம் பார்க்கும் வேலை உனக்கு. கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும் வேலை எனக்கு. சனிக்கிழமை ஊருக்குத் திரும்பச் செஞ்சி பஸ்ஸில் ஏறியதும் ஆரம்பிப்பாய். சீனாவும் நாமும் வெளியிலிருந்து வாங்கும் தேக்கும் மற்ற கடின மரங்களும் வருடத்துக்கு வருடம் எப்படி ஏறுகின்றன என்பதே பேச்சு. சொந்தக் காட்டில் வெட்டுவதற்கு இரண்டு அரசுகளும் கடிவாளம் போட்டன. இரண்டு நாடுகளும் அடுத்தவன் காட்டுக்குப் போயின. பர்மாக்காரன் முழு மரம் தரமாட்டேன் என்றதும் ஆப்பிரிக்காப் பக்கம் திரும்பின. சீனாவின் ஏற்றம் மலை, நம்முடையது மேடு, அவ்வளவுதான் என்பாய்.

"அவன் வாங்கி மேசை நாற்காலியா வித்துடறான்டீ. நாம வாசல்ல நிலையா நட்டு, மஞ்சப் பூசிக் கும்புடறோம். வெட்டுப்பட்ட மரத்துக்கு இன்னா வித்தியாசம்?"

அதைக் கட்டுரையாக எழுதி வைத்துவிட்டு, போன வருடம் செத்தும் போய்விட்டாய்.

மர வியாபாரிகள் சங்கத்து ஆண்டு மலரில் அதைப் போடப்போவதாகச் செயலாளர் சொன்னபோது சந்தோஷப்பட்டேன், மடச்சி. அச்சுக்கு முன் அனுப்பிய தாளைப் பார்த்தால் சீனா மட்டும் இருக்கிறது. நம் நாட்டுப் பாதியைச் சுத்தமாக வெட்டியிருந்தார். காட்டைத் தின்னும் சீனா என்று தலைப்பு. கீழே உன் படம், உன் பெயர். த்தூ.

போனில் கேட்டேன்.

"ஏம்மா டென்ஷன் ஆவுறீங்க? சைனாவப் பத்தி அவங்க எழுதுனதுல ஒரு எழுத்தை மாத்தல. நம்ம யாவாரத்த நாமளே இன்னாத்துக்குத் திட்டிக்கணும்? பையனே சரின்னுட்டான்."

பையன் ஏன் சரியென்றான் என்பது நிலை வைக்கும் நாளில் தெரிந்தது. அந்தத் தேக்கு நிலை செயலாளர் கடையிலிருந்து சலுகையில் வந்தது. அவரே முன்னால் நின்றிருந்தார். உன் மகன் மஞ்சள் கிண்ணத்தை நீட்டினான்.

"அம்மா எடத்துல நீங்கதான் பெரியம்மா பூசணும்."

"உங்கம்மாவ அரைகுறையா அச்சடிக்கிறவரு குடுத்த மரத்துக்கு நான் பூச மாட்டேன். முழுசாப் போடச் சொல்லு. இல்லன்னா அவ பேரை எடுக்கச் சொல்லு."

நல்ல நேரத்தில் வந்த பீடையைப் பார்ப்பதுபோல் சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். உன் மகன் தரையைப் பார்த்தபடி, "சார், அம்மா பேரை எடுத்துடுங்க" என்றான்.

"அவ்ளோதான? எடுத்துட்டாப் போச்சு" என்று செயலாளர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே பூசினேன்.

மலர் நேற்று வந்தது. அதே பாதிக் கட்டுரை. எழுதியவர் என்ற இடத்தில் செயலாளர் பெயர், வெள்ளைச் சட்டையில் அவர் படம். பக்கத்தைத் தொடவே அருவருப்பாக இருந்தது. உன் மகன் ஓடி வந்து, "கேஸ் போடலாமா பெரியம்மா?" என்றான். வேண்டாம், பொய் அந்த ஆள் பெயரிலேயே இருந்து தொலையட்டும் என்றேன்.

அவர் வெட்டிப் போட்ட பாதியைக் கைப்பையில் வைத்திருக்கிறேன். சீனாக்காரனைத் திட்டிக்கொண்டு யார் வந்தாலும் எடுத்துப் படிப்பதாக இருக்கிறேன். நேற்று முதல் ஆளாக உன் மகனை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். அவன் அதை அதுவரை படித்ததே இல்லையாம்.