வாதாமரத்துக் கரிச்சான்மீது சுமத்தப்பட்ட குற்றம் குறித்து

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கொத்தனார்,
எண் 14, பின்வரிசை, குடியிருப்பு வளாகம்.

பெறுநர்:
மரப் பராமரிப்பு அலுவலர் அவர்கள்,
வட்டார அலுவலகம்.

பொருள்: நான் பறவையால் தாக்கப்பட்டதை ரத்து செய்யவும், மரம் வெட்டுவதை நிறுத்தி வைக்கவும் கோருதல்.

மரங்களுக்குப் பொறுப்பான ஐயா அவர்களுக்கு மரியாதையுடன் வணக்கம்.

1. எழுபத்தொரு வயதில் இப்போதுதான் படிக்கக் கற்றிருக்கிறேன். ஆகவே கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன். நேற்று அறிவிப்புப் பலகையில், எங்கள் சங்கம் தங்களுக்கு அனுப்பிய மனுவின் நகலைப் படித்தேன். "14ஆம் எண் முதியவர் கொடிய பறவையால் தாக்கப்பட்டு மூன்று நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தார்" என்றிருந்தது. பாவம், யாரோ என்று வருந்தினேன். பிறகுதான் அது என் வீடு என்று உறைத்தது. என்னைப் பற்றி எழுத்தில் வந்தது இதுவே முதல்முறை என்பதால் மேலும் இருமுறை படித்தேன்.

2. நான் படுத்திருந்தது சளிக்காக. சங்கச் செயலாளர் என் சம்பந்தியும் ஆவார். நலம் விசாரிக்க வந்தவர், "தண்ணிக் குழாய் விஷயம் சம்பந்தி, சும்மா ஒரு விரல் வைங்க" என்றார். கண்ணாடி கையில் இல்லை. பழக்கத்தில் கட்டைவிரலை நீட்டிவிட்டேன்.

3. சங்கம் சொல்லும் பறவையான இரட்டைவால் கரிச்சான் அடிப்பது உண்மை. ஆனால் முதலில் கத்தும். பிறகு தலைக்கு மேல் ஒரு சுற்று வரும். அதற்கும் நகராதவரைத்தான் கொத்தும். சம்பந்தி நகரவில்லை. குடையால் கூட்டைக் குத்திக்கொண்டிருந்தார். கரிச்சான் காகங்களை விரட்டுவதால் புறாக்களும் அதே வாதாமரத்தில் நிம்மதியாகக் குடியிருக்கின்றன. அடாவடி என்றால் மைனாக்களைச் சொல்ல வேண்டும். நான்காக வந்து, நான் வைக்கும் தண்ணீர்த் தட்டைச் சுற்றி நின்று, சிட்டுக்குருவிகளைத் துரத்திவிட்டு, தாமும் குடிக்காமல் மாலைவரை பேசிக்கொண்டிருக்கின்றன. அவற்றிடம் சங்கம் குறை எதுவும் காணவில்லை.

4. "அப்பா, என் மாமனார் மேலயே புகாரா? நான் அந்த வீட்டுல இருக்கணுமா வேண்டாமா?" என்று மகள் கேட்கிறாள். அவர்மேல் எனக்குப் புகார் இல்லை. எனக்கு ஏற்படாத காயத்தை மட்டும் திரும்பப் பெறுகிறேன்.

5. சங்கத்தின் மனுவை ஏற்று, வரும் புதன்கிழமை மரத்தை வெட்ட ஆணையாகியுள்ளது. கூட்டில் மூன்று குஞ்சுகள் உள்ளன. இன்னும் பறக்கவில்லை. இரண்டு வாரம் தவணை தந்தால் அவை தாமாகவே காலி செய்துவிடும். மரத்தைப் பற்றி அதன்பின் பேசலாம்.

தாங்கள் நேரில் ஆய்வுக்கு வரும்போது தொப்பி அணிந்து வருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கரிச்சானுக்குப் பதவி வேறுபாடு தெரியாது.

நாள்: 12, திங்கட்கிழமை
இடம்: மரத்திலிருந்து பதினைந்து அடி தள்ளி

இப்படிக்கு,
(கையெழுத்து)
எண் 14, நலமுடன்