செருப்பைப் போட்டுக்கொண்டு தொடு

உன் கணினி இன்றும் உறையவில்லை.

அம்மாவின் தையல் மெஷினை ஓரம் தள்ளிவிட்டு, எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டு முன்னறையில் அதைப் பொருத்தி ஒரு மாதம் ஆகப்போகிறது. சுவிட்சைப் போட்ட கொஞ்ச நேரத்திலேயே அந்த வாசம் வந்தது. புதிய சாமான் சூடேறும்போது வருமே, பிளாஸ்டிக்கும் ஈயமும் கலந்த மாதிரி ஒன்று, அது. வெள்ளவத்தையில் உன் அறையில் அந்த வாசம் அடிக்கும்போதெல்லாம் நாம் இரண்டு பேரும் திரையை முறைத்துக்கொண்டிருப்போம், இந்தச் சனியன் எப்போது நிற்கப்போகிறது என்று. அன்றைக்கு நான் தனியாக முறைத்துக்கொண்டிருந்தேன். அது நிற்கவில்லை.

நீ அரைகுறையில் விட்டுப்போன வீட்டுப் படத்தைத் திறந்து ஓடவிட்டேன். கனடாவில் இருக்கும் யாரோ ஒருவர் சுன்னாகத்தில் கட்டப்போகும் வீடு. வெறும் கோடுகளாகக் கிடப்பதை வெயிலும் நிழலும் விழுந்த வீடாக மாற்றுவதுதான் உன் வேலை. அதற்கு மெஷின் மணிக்கணக்கில் ஓட வேண்டும், நடுவில் உறைந்தால் திரும்பவும் முதலில் இருந்து. உன் அறையில் அந்தப் படம் ஒருநாளும் முடியவில்லை. இங்கே முதல் தடவையிலேயே முடிந்தது. போர்ட்டிகோ, தூண், மாடிப் பலகணி, முற்றத்தில் மாமரத்து நிழல்கூட விழுந்திருந்தது.

எனக்குக் கதிரையில் இருக்க முடியவில்லை. எழும்பி நடந்தேன். அப்பா பேப்பரை மடித்துவிட்டு என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இதுல பிழை ஒண்ணும் இல்லையாடா?"

"இல்லப்பா."

"அப்ப?"

அவரும் எழும்பி வந்து திரைக்கு முன்னால் நின்றார்.

அந்த அறை கிடைத்த நாளில் இருந்து சொல்கிறேன். நீ கந்தோர் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகப் படம் வரைந்து பிழைப்பதென்று முடிவெடுத்திருந்தாய். காலி வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒவ்வொன்றிலும் இருவரும் ஏறி இறங்கினோம். "ஃபமிலிக்கு மட்டும்." "தனிப் பெடியளுக்குக் குடுக்கிறேல்ல." "யாழ்ப்பாணத்தில எவ்விடம்? ஆற்ற மகன்?" சிங்களவர் வீட்டில் பொலிஸ் பதிவு கேட்டார்கள். தமிழர் வீட்டில் சாதியைச் சுற்றிவளைத்துக் கேட்டுவிட்டுப் பிறகு பொலிஸ் பதிவும் கேட்டார்கள். கடைசியில் கிடைத்தவர்தான் உன் வீட்டுக்கார அங்கிள். நெற்றி நிறையத் திருநீறு. வீட்டுக்குப் பின்னால் பழைய சாமான் போட்டிருந்த கொட்டிலுக்குத் தகரத்தை எடுத்துவிட்டு ஷீட் போட்டு, பெரிய வீட்டில் இருந்து ஒரு வயரை இழுத்துவிட்டு, அதற்கு அனெக்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்.

"மச்சம் மாமிசம் சமைக்கக் கூடாது. கூட்டாளியளைக் கூட்டிக்கொண்டு வரக் கூடாது. இவர் ஆர்?"

"என்னோட வேலை செய்தவர், அங்கிள். கொட்டாஞ்சேனை."

"ஓ, கொட்டாஞ்சேனையோ," என்றார், என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துக்கொண்டு. ஏதோ நோயின் பெயரைச் சொல்வதுபோல இருந்தது.

வெளியே வந்ததும் நான் கத்தினேன். நீ சிரித்தாய். "விடடா மச்சான். இந்தாளோட நான் கலியாணமே கட்டப்போறன்? இருக்க ஒரு இடம்தானே."

பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் அடுக்கிக் கிடக்கும் அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு சாமானாகப் பார்த்து வாங்கினாய். உன் அறையின் சீமெந்துத் தரையில் பேப்பரை விரித்து நாமே பூட்டினோம். ஸ்குரூவை முறுக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்வாய். முதல் தடவையிலேயே திரையில் வெளிச்சம் வந்தபோது நீ என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாய். அன்றைக்கே அது ஒருமுறை உறைந்தது. சுட்டி அசையவில்லை. பாட்டு ஒரே எழுத்தில் இழுத்துக்கொண்டு நின்றது. புதுசுக்கு அப்படித்தான் என்று நினைத்தோம்.

பிறகு அது நினைத்த நேரமெல்லாம் நின்றது. சில நாள் காலையில். சில நாள் சாயந்தரம். ஒருநாள் முழுக்க ஒழுங்காக ஓடும். அடுத்த நாள் பல் தீட்டிவிட்டு வருவதற்குள் நின்றிருக்கும். நீ விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டாய். மெமரியைக் கழற்றி மற்றத் துளையில் செருகினாய். என் கந்தோர்ப் பெடியனிடம் கடன் வாங்கிய மெமரியைப் போட்டுப் பார்த்தாய். பவர் சப்ளையை மாற்றினாய். நான் பொறுமையில்லாமல் "எல்லாத்தையும் ஒரேயடியா மாத்திப் பாரேன்" என்றால் கையைத் தட்டிவிடுவாய்.

"விசரா, ஒண்டை மட்டும் மாத்தோணும். ரெண்டை மாத்தினா எது பிழையெண்டு எப்பிடித் தெரியும்?"

கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போனோம். கடைக்காரன் அதை நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தான். "அவுலக் நே மல்லி," என்று சிரித்தான். ஒரு பிரச்சினையும் இல்லையாம். திரும்பி உன் அறைக்குக் கொண்டுவந்து போட்டதும் அன்று மாலையே நின்றது. நீ யோசித்துச் சொன்னாய்: "அங்க ஏசி. இங்க ஷீட்டுக்குக் கீழ வேகுது. சூடுதானடா காரணம்." மேசைக் காற்றாடியைப் பெட்டியின் வாய்க்கு நேரே திருப்பி வைத்துவிட்டு, நீ வியர்வையில் குளித்தபடி வரைந்தாய்.

பெட்டியைத் தொட்டால் விரல் நுனியில் சுர்ரென்று ஒன்று ஏறும். முதல் தரம் நான் கையை உதறினேன்.

"சின்னதாக் கடிக்கும். செருப்பைப் போட்டுக்கொண்டு தொடு," என்றாய், தேத்தண்ணி சுடும் என்று சொல்வதுபோல. குளிக்கும் இடத்துப் பைப்பும் சில நேரம் கடிக்கும் என்றாய். அதற்கென்றே ஒரு சோடி ரப்பர் செருப்பு வைத்திருந்தாய். கடிக்கிற வீட்டில் செருப்புப் போட்டுக்கொண்டு குடியிருப்பது நம் ஆட்களுக்குப் பழகிப்போன விஷயம். உன் பக்கத்து ஒழுங்கையில் இருந்த என் மாமி வீட்டிலும் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் ஒரு மிதிபலகை கிடந்தது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. வாடகை வீட்டில் பிழை இருக்கிறதென்று சொன்னால், வீடு பிழையாகாது. சொன்னவன்தான் பிழையாவான்.

ஒருநாள் நீ கேட்டுப் பார்த்தாய். நானும் கேற்றடியில் நின்றேன்.

"அங்கிள், வயரிங் ஒருக்காப் பாக்கலாமோ? கொம்பியூட்டர் அடிக்கடி ஸ்டக் ஆகுது."

"நீர் ஏதோ கடையில துண்டு துண்டா வாங்கிப் பூட்டின சாமான். அதுக்கு என்ர வீட்டில பிழை பிடிக்கிறீரோ? நான் கட்டின நாள்தொட்டு இந்த வீட்டில ஒரு லைட்டும் மினுங்கினதில்லை."

"இல்லை அங்கிள், சும்மா..."

"பிடிக்காட்டி வேற இடம் பாரும். கேட்டு வாறதுக்கு ஆக்கள் இருக்கினம்."

"இல்லை அங்கிள். சும்மாதான் கேட்டனான்."

அறைக்குள் வந்து நீ பெட்டியைத் திரும்பவும் கழற்றினாய். வேறு யாரிலும் பிழை சொல்ல முடியாதபோது, தான் செய்ததில்தான் பிழை என்று நம்பிவிட வேண்டியதுதான். அப்படித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பூசையில் இருந்தேன். நீ மேசையில் இருந்து எழும்பி, பின்பக்கத்துப் பைப்பில் முகம் கழுவப் போயிருக்கிறாய். வெறுங்காலோடு. தரை ஈரம். உன் சாமான்களை எடுக்க வந்தபோது நான் பார்த்தேன்: செருப்புச் சோடி கணினி மேசைக்குக் கீழே கிடந்தது.

பொலிஸ் வரும் முன்பே யாரோ உன் கணினியின் பிளக்கைக் கழற்றிச் சுற்றி வைத்திருந்தார்கள், உன்னைக் கொன்றது அதுதான் என்பதுபோல. மரண விசாரணையில் அங்கிள் கைகட்டி நின்று சொன்னார்: "நல்ல பிள்ளை. ஆனா தானே ஒரு கொம்பியூட்டர் செய்து வச்சிருந்தவர். சதா கழட்டிப் பூட்டிக்கொண்டிருப்பார். அதில இருந்துதான் கரண்ட் சுவருக்கும் பைப்புக்கும் ஏறியிருக்கோணும்." நான் வாயைத் திறந்தபோது, நீர் மின்சாரம் படித்தவரா என்று கேட்டார்கள். விபத்து என்று எழுதினார்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ்ஸில் வந்த உன் அப்பா, பொரளையில் பிரேத அறைக்கு வெளியே என் கையைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை. "தம்பி, நீர்தானே கூட இருந்து பூட்டினது. அவன் வயர் ஏதும் பிழையாக் குடுத்தவனோ?"

தெரியாது என்றேன். எனக்கு உண்மையில் தெரியாது. கணினியை அவர் தொடவில்லை. "இதை நான் வீட்டுக்குக் கொண்டு போகமாட்டன். நீர் வச்சிரும், இல்லாட்டி எறியும்," என்றார். உன்னைக் கொன்ற சாமானைப் பார்ப்பதுபோலத்தான் அதைப் பார்த்தார். அதை நீயே செய்தாய் என்றும் நினைத்துக்கொண்டு போனார்.

அதனால்தான் அது இங்கே உறையாமல் ஓடியபோது எனக்கு இருக்க முடியவில்லை. நாம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றினோம். வீட்டை மட்டும் மாற்றிப் பார்க்கவில்லை.

அடுத்த நாளே, கரண்ட் இருந்தால் உள்ளே விளக்கெரியும் டெஸ்டர் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன். அனெக்ஸில் புதிதாக இரண்டு பெண்கள். வவுனியாக்காரர், பொரளையில் வேலை. முன்னம் இங்கே இருந்தவனின் கூட்டாளி என்றேன், ஒரு சாமானை விட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன். கதவைத் திறந்தவள் வெள்ளந்தியான பிள்ளை. பின்பக்கம் போகவிட்டாள். பைப்பில் டெஸ்டரை வைத்தேன். ஒன்றுமில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. திரும்பப் போகையில் பெரிய வீட்டுப் பக்கம் ஏதோ மெல்ல உறுமியது.

"அது தண்ணி மோட்டர், அண்ணா. அங்கிள் நினைச்ச நேரம் போடுவார்."

திரும்பவும் வைத்தேன். டெஸ்டருக்குள் செக்கச்செவேலென்று எரிந்தது.

சில நாள் காலையில், சில நாள் சாயந்தரம். அங்கிள் மோட்டரைப் போட நினைத்த நேரமெல்லாம் உன் கணினி நின்றிருக்கிறது. கேட்கிறதா உனக்கு?

"ஓம் அண்ணா, அது சின்னதாக் கடிக்கும்," என்றாள் அவள், என் முகத்தைப் பார்த்துப் பயந்து. "நாங்கள் செருப்புப் போட்டிருவம். அங்கிளிட்டச் சொல்லிப்போடாதேங்கோ. வீட்டை விட்டு எழுப்பிவிட்டிருவார்."

கதவுக்குப் பின்னால் மின்பலகை இருந்தது. கசிவு வந்தால் கரண்டைத் தானே வெட்டிவிடும் ட்ரிப் சுவிட்ச் ஒன்றும் அதில் இருந்தது. அதன் சோதனைப் பொத்தானை அமுக்கினேன். விழவில்லை.

"அது வேலை செய்யாது. மழைக்கு அடிக்கடி விழுதெண்டு அங்கிள் அதைத் தாண்டி நேரா வயர் குடுத்திட்டாராம். கரண்ட் போற கரைச்சல் இல்லையெண்டு பெருமையாச் சொன்னவர்."

அவர் வந்துவிட்டார். "நீர் அந்தக் கொட்டாஞ்சேனைப் பெடியன் எல்லே? பொம்பிளைப் பிள்ளையள் இருக்கிற வீட்டுக்குள்ள என்ன அலுவல்?" ஒழுங்கைக்கே கேட்கும்படி கேட்டார். நானும் ஒழுங்கைக்கே கேட்கும்படி பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதினால் அம்மா இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுவார். பொலிஸில் முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். விசாரிப்பார்களாம்.

காலி வீதியில் நின்றபடியே உன் அப்பாவுக்கு ஃபோன் எடுத்தேன். பஸ் இரைச்சலுக்குள் கத்திக் கத்திச் சொன்னேன். அவன் ஒன்றையும் பிழையாகப் பூட்டவில்லை, அவன் பூட்டியது எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது, அவன் படம் முடிந்துவிட்டது.

"அங்க இப்ப ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார்.

"இரண்டு பிள்ளைகள் இருக்காங்க, ஐயா."

"முதல்ல அதுகளை வெளியால எடும், தம்பி."

அதிலிருந்து வீடு தேடுகிறேன். நீயும் நானும் அலைந்த அதே அலைச்சல், ஆள் மட்டும் வேறு. தனிப் பெண்களா, ஃபமிலி இல்லையா, எந்த ஊர், யார் பிள்ளைகள். அவர்கள் கேட்டு முடித்ததும் நான் கேட்கிறேன்: உங்கள் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுமா? அதோடு பாதிப் பேர் கேற்றை மூடிவிடுகிறார்கள். வாடகைக்கு வருகிறவன் கேள்வி கேட்பதா?

நேற்று எங்கள் பக்கத்திலேயே, கோயில் ஒழுங்கைக்குப் பின்னால், ஒரு மேல்மாடி அறை பார்த்தேன். வீட்டுக்கார அன்ரி குடத்தை இடுப்பில் வைத்தபடி என் கேள்வியைக் கேட்டாள். "அது என்னமோ தெரியாது மகன். அந்தா இருக்கு, நீயே பாரு."

அமுக்கினேன். டக்கென்று வீடு முழுக்க அடங்கியது. காற்றாடி நின்றது. உள்ளே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த அவள் புருஷன், "எவன்டா அது, கடைசி ஓவர்ல!" என்று கத்தினார்.

அன்ரி சிரித்தாள். "வேலை செய்யுது போல. எப்ப வர்றாங்க பிள்ளைங்க?"

சனிக்கிழமை வருகிறார்கள். சாமான் ஏற்ற அப்பா ஒரு லொறி பேசியிருக்கிறார்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், கலியாண வீடோ செத்த வீடோ, என் கண் முதலில் மின்பலகையைத்தான் தேடுகிறது. கேட்காமலே போய் அந்தப் பொத்தானை அமுக்கிவிடுகிறேன். விழுந்தால் திட்டுகிறார்கள். விழாவிட்டால் நான் திட்டுகிறேன். அம்மா என்னை எங்கேயும் கூட்டிக்கொண்டு போக வெட்கப்படுகிறார்.

படட்டும்.